லெஃப்டு என்றால் எந்தக் கை

எங்கள் ஊரில் யாரும் இடது, வலது சொல்லி வழி காட்டிப் பார்த்ததில்லை. போடியில் நடை பழகும்போதே நாலு திசையும் பழகிவிடும். "மேக்கே போயி தெக்கே திரும்பு, கீழப்பக்கம் பச்சைக் கதவு" என்றால் வழி முடிந்தது. வழிக்கு மட்டுமில்லை, எல்லாவற்றுக்கும் திசைதான். கல்யாணப் பந்தியில் "அந்த வடக்கோரத்து எலைக்கு ரசம் கொண்டா" என்பார்கள். "கெழக்குப் பக்கக் கன்னத்துல சோத்துப்பருக்கை ஒட்டியிருக்குடி" என்று என் சிநேகிதி சொல்லி நானும் சரியாகத் துடைத்திருக்கிறேன். மேற்கே மலை நிற்கிறது. அது இருக்கும்வரை திசை தப்பாது.

இடது, வலது என்ற சொற்கள் பாடப் புத்தகத்தில் இருந்தன. பேச்சில் இருந்தது சோத்தாங்கையும் பீச்சாங்கையும். சோறு தின்கிற கை, கழுவுகிற கை. இரண்டாவதை நாலு பேர் முன்னால் சத்தமாகச் சொல்லவே கூசுவார்கள். வந்த விருந்தாளியிடம் பீச்சாங்கைப் பக்கம் திரும்புங்க என்று சொன்னால் அவர் அதோடு ஊருக்குத் திரும்பிவிடுவார்.

என் பாடு இன்னும் மோசம். நான் பிறவியிலேயே இடதுகைக்காரி. சிலேட்டுக் குச்சி, கரண்டி, கல், எதுவானாலும் அந்தக் கைதான் முதலில் நீளும். அம்மா முதலில் சொல்லிப் பார்த்தாள், பிறகு அடித்துப் பார்த்தாள். கடைசியில் சாப்பாட்டு நேரத்தில் என் இடது மணிக்கட்டைத் தன் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு ஊட்டாத குறையாக உட்கார்ந்திருப்பாள். அந்தக் கைக்கு அவள் பெயரே சொல்லமாட்டாள். "அந்தக் கையை எடு" என்பாள், அவ்வளவுதான். ஒருவழியாகச் சாப்பிடவும் எழுதவும் மற்றக் கைக்கு மாறினேன். ஆனால் எது சோத்தாங்கை, எது மற்றது என்பது மண்டைக்குள் கலங்கிப்போனது. வலது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும், யோசனை அப்புறம்தான் வரும்.

எழுபதுகளின் கடைசியில் பள்ளி இறுதி வகுப்பு முடித்துவிட்டு, அம்மா வேலை பார்த்த ஏலக்காய் மண்டிக்கே நானும் போனேன். மலையிலிருந்து ஜீப்பில் மூட்டை வரும். பின்கட்டு ஹாலில் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்குவோம். பருங்காய் ஒரு பக்கம், சிறுகாய் ஒரு பக்கம், வெடித்தது தனியாக. நாள் முழுக்கக் குனிந்தே இருக்கவேண்டும். பொழுது சாயும்போது இடுப்பு நம்முடையது மாதிரி இருக்காது. அம்மா எழுந்திருக்கும்போது முதலில் சுவரைப் பிடிப்பாள், பிறகு முட்டியைப் பிடிப்பாள். அதைத் தினமும் பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்கு அது வேண்டாம் என்று தீர்மானமாகத் தெரிந்தது.

ஹாலுக்கு முன்னால் ஆபீஸ் அறை. அதில் ஒரு மேஜை, மேஜைமேல் கறுப்பு டெலிபோன், அதற்கு ஒரு நாற்காலி. கைவைத்த மர நாற்காலிதான், பெரிய சிம்மாசனம் ஒன்றுமில்லை. ஆனால் அதில் உட்கார்ந்தால் நிமிர்ந்து உட்காரலாம். அதில் இருந்த கணக்கர் ஒரு மலையாளி. ஏலத்துக்கு வரும் பம்பாய், டில்லி வியாபாரிகளிடம் அவர்தான் இங்கிலீஷில் பேசுவார். அவர் வேலையை விட்டுத் தன் ஊரோடு போய்விட்டார். முதலாளி ஹாலுக்குள் வந்து நின்று, "இங்கிலீசு படிச்ச புள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். தூக்கியபிறகுதான் தெரிந்தது அது எந்தக் கை என்று. ஹாலே சிரித்தது. அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

முதலாளி கெட்டவர் இல்லை, அவசரக்காரர். அங்கேயே கேள்வியைப் போட்டார். "ஒரு பம்பாய்க்காரர் பெட்டியோட பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்கியிருக்காரு. தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. போன்ல இங்கிலீசுல சொல்லி நம்ம மண்டிக்குக் கூட்டிட்டு வா பாப்போம்."

எனக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி இருந்தது. "கோ டு வெஸ்ட். ஆஃப்டர் மார்க்கெட், கோ டு சவுத். அவர் ஷாப், வெஸ்ட் சைடு" என்று எழுந்து நின்று ஒரே மூச்சில் சொன்னேன். இலக்கணம் சரியா என்று கூடக் கவலைப்படவில்லை, வழி சரியாக இருந்தது.

முதலாளி சிரித்தார். "அவருக்கு வெஸ்டு எதுன்னு யாரு சொல்லுவா? லெஃப்டு, ரைட்டுன்னு சொல்லும்மா."

மார்க்கெட் தாண்டி லெஃப்டு என்பதற்குப் பதில் ரைட்டு என்றேன். மார்க்கெட் தாண்டி அந்தப் பக்கம் திரும்பினால் எருமைத் தொழுவம் இருந்தது.

"நல்லா போச்சு. பம்பாய்க்காரர் இந்நேரம் சாணியில நிக்கிறாரு" என்றார் முதலாளி. இந்த முறை அம்மாவைத் தவிர எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. "அடுத்த ஏலத்துக்குள்ள படிச்சிர்றேன் முதலாளி" என்றேன். அவர், "சரி, அதுவரைக்கும் பாப்போம். இல்லேன்னா தேனியில ஒரு ஆளுக்குச் சொல்லி வச்சிருக்கேன், அந்த ஆளு வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழைய புத்தகக் கடையில் இங்கிலீஷ் பேசப் பழகும் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் ஊருக்குள் வழி கேட்பது என்று ஒரு பாடம். படத்தில் இருந்த ஊரைப் பார்த்து மலைத்துப்போனேன். அகலமான நேர்ச்சாலை, முச்சந்திக்கு முச்சந்தி சிக்னல் விளக்கு, வங்கிக்கு எதிரே பூங்கா, பூங்காவுக்கு அடுத்து நூலகம். நடுவில் ஒரு மாடு கூட இல்லை. செகண்டு டர்னிங் என்று போட்டிருந்தது. எங்கள் ஊரில் எதை டர்னிங் என்று எண்ணுவது? தெரு டர்னிங், சரி. சந்தும் டர்னிங்கா? ஆள் மட்டும் ஒருக்களித்துப் போகிற முடுக்கு? இதையெல்லாம் எண்ணினால் பம்பாய்க்காரர் பொழுது விடிந்தாலும் வந்து சேரமாட்டார்.

அதனால் புத்தகத்திலிருந்து சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டேன், ஊரை விட்டுவிட்டேன். வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அங்கிருந்து மண்டி வரை நடப்பேன். ஒவ்வொரு இடத்திலும் நின்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். டீக்கடைக்கு எதிரே, ஆப்போசிட். ஆஸ்பத்திரிக்கும் மிளகு கடைக்கும் நடுவே, பிட்வீன். சிலமலை பஸ்சுக்குக் காத்திருந்த பெண்கள் நான் முணுமுணுத்தபடி போவதைப் பார்த்து, "பாவம், நல்லாத்தான் இருந்துச்சு புள்ள" என்று பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது. ஹாலிலும் விடவில்லை. "ஏத்தா இங்கிலீசு, தண்ணிக் கொடம் எந்தச் சைடுல இருக்கு?" என்பார்கள். "ஒன் லெஃப்டு சைடுக்கா" என்பேன். தப்பாகத்தான் இருக்கும். அவர்களுக்கும் தெரியாது என்பதால் தப்பித்தேன்.

லெஃப்டு எந்தக் கை என்பதை எப்படி மனசில் நிறுத்துவது? ஒரு சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா பழக்கதோஷத்தில் என் மணிக்கட்டைப் பார்த்தாள். அப்போது விடை கிடைத்தது. அடி வாங்கின கை லெஃப்டு, அடி வாங்காத கை ரைட்டு. அதற்குப்பிறகு எனக்கு ஒருநாளும் அது தப்பவில்லை. கண்டுபிடித்த சந்தோஷத்தைவிட வருத்தம்தான் அன்றைக்கு அதிகமாக இருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை.

கை தெரிந்ததும் அடுத்த வில்லங்கம் வந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும்போது லெஃப்டில் இருந்த சோடாக் கடை, திரும்பிப் போகும்போது ரைட்டுக்கு வந்துவிட்டது. கடை நகரவில்லை, நான்தான் திரும்பியிருந்தேன். எனக்கு இங்கிலீஷ் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. மேற்கு என்றால் நீ எப்படித் திரும்பி நின்றாலும் மேற்குதானே, மல்லாந்து படுத்தாலும் மேற்குதானே! முகத்தைத் திருப்பினால் மாறிப்போகிற ஒன்றை நம்பி ஒரு மனிதரை எப்படி நடக்க விடுவது? மண்டியின் வாசல் கிழக்கே பார்த்தது. டெலிபோன் நாற்காலியும் வாசலைப் பார்த்தே கிடந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிறவரோ மேற்கே பார்த்து நடந்து வருவார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் என் லெஃப்டு அவருக்கு ரைட்டு. எருமைத் தொழுவத்திலிருந்து யாரும் தப்பமுடியாது.

யோசித்து யோசித்து இரண்டு முடிவுக்கு வந்தேன். ஒன்று, வருகிறவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கமே நானும் பார்க்கவேண்டும். இரண்டு, அவர் முதலில் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதையும் நானே சொல்லவேண்டும். வெஸ்டு அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், மலை தெரியாமல் இருக்காது. ஆனால் எங்கள் ஊரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏதாவது ஒரு குன்று தெரியும். எந்த மலை என்று கேட்டால்? போடிமெட்டு இருக்கிற மலையில்தான் எந்நேரமும் மேகம் உட்கார்ந்திருக்கும். அதைச் சொன்னால் போதும்.

ஏலத்தன்று காலையிலேயே போய் நாற்காலியை மேஜைக்கு மறுபக்கம் கொண்டுபோய்த் திருப்பிப் போட்டேன். மேற்கே பார்த்து, வாசலுக்கு முதுகு காட்டி. இப்போது எனக்கு நேர் எதிரே ஹாலின் கதவு இருந்தது. பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

முதலாளி வந்ததும் முகம் சுளித்தார். "வாசலுக்கு முதுகைக் காட்டிட்டு உக்காருவாங்களா? லட்சுமி உள்ள வர வேணாமா?"

"பம்பாய்க்காரர் முதல்ல வரட்டும் முதலாளி" என்றேன். எப்படி அப்படி வாயாடினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவருக்கு ஏலத்துக்குப் போகிற அவசரம், அப்படியே விட்டுவிட்டார்.

பத்து மணி வாக்கில் டெலிபோன் அடித்தது. பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த லாட்ஜிலிருந்து பேசினார், முதல்முறையாக ஊருக்கு வரும் பம்பாய் வியாபாரி. அவருடைய இங்கிலீஷும் என்னுடையது மாதிரிதான் தட்டுத்தடுமாறி வந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் தெம்பு. முதலாளி பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். நான் எழுந்து நின்றேன்.

"சார், கம் அவுட்சைடு. சீ பிக் ஹில். கிளவுடு ஈஸ் சிட்டிங் ஆன் தி ஹில். கீப் தட் ஹில் இன் ஃபிரண்ட் ஆஃப் யுவர் ஃபேஸ். வாக்." சொல்லிக்கொண்டே நானும் நின்ற இடத்திலேயே நடந்தேன். "மார்க்கெட் வில் கம். கிராஸ் மார்க்கெட். டர்ன் லெஃப்ட்." அடி வாங்கின கைப் பக்கம் உடம்பைத் திருப்பினேன். டெலிபோன் வயர் இடுப்பைச் சுற்றியது. "நவ் அவர் ஷாப் ஈஸ் ஆன் யுவர் ரைட் ஹேண்டு. மெனி ஜீப்ஸ். குட் ஸ்மெல்." ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் ஓகே என்று வைத்துவிட்டார்.

பிறகு காத்திருந்தோம். நடந்து வந்தாலும் வந்து சேர்ந்திருக்கவேண்டிய நேரம் ஆகிவிட்டது. ஆள் வரவில்லை. முதலாளி வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தார். "ஏலம் ஆரம்பிச்சிரும். வெரசா ஒரு ஆளை அனுப்புறேன்" என்றார்.

"வேணாம் முதலாளி."

"தொழுவத்துல நின்னா?"

"நிக்கமாட்டாரு. வருவாரு."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நிச்சயமில்லை. மனசுக்குள் வழியைத் திரும்பத் திரும்ப நடந்து பார்த்தேன், தப்பு இல்லை. மேகம் கலைந்திருந்தால்? அதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. மேகத்தை நம்பி என் பிழைப்பை வைத்திருக்கிறேனே என்று முதல்முறையாகப் பயந்தேன். ஹாலில் முறங்களின் சத்தம் நின்றிருந்தது. அம்மா குனிந்தபடியே இருந்தாள், ஆனால் அவள் விரல்களும் நகரவில்லை.

எனக்குப் பின்னால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. ஹாலில் இருந்தவர்களின் முகத்தில்தான் முதலில் தெரிந்துகொண்டேன். வியாபாரி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வழியில் காபி குடித்ததாகவும், ஜீப்புகளுக்கு முன்னால் வாசனைதான் வந்ததாகவும் சொன்னார். பிறகு, "போனில் பேசிய மேடம் எங்கே?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

அந்த அறையில் அதற்குமுன் யாரையும் யாரும் மேடம் என்று அழைத்ததில்லை. முதலாளி என்னைக் கையால் காட்டினார். அவரை அழைத்துக்கொண்டு ஏலத்துக்குக் கிளம்பும்போது, வாசலிலிருந்து திரும்பி, "நாற்காலி அப்படியே கெடக்கட்டும். நீயும் எந்திரிச்சுப் போயிராத" என்றார். தேனிக்காரருக்குச் சொல்லி அனுப்பவேண்டியிருக்காது என்பதை அவர் தன் பாணியில் சொன்னது அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்க வெட்கமாக இருந்ததால் அப்படியே மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

சற்று நேரத்தில் ஹாலுக்குள் டீ வந்தது. எல்லோருக்கும் தூக்குவாளியிலிருந்து ஊற்றுவார்கள். அம்மா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து, முட்டியைப் பிடித்து எழுந்தாள். ஆபீஸ் அறைக்குள் அவள் அதுவரை நுழைந்ததில்லை. மேஜைக்கு முன்னால் வந்து நின்று, மேஜையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுற்றி வந்து டம்ளரை வைத்தாள்.

"தெக்கால வச்சிருக்கேன்த்தா. ஆறிரும், வெரசா குடி."

மேற்கே பார்த்து உட்கார்ந்தவளுக்குத் தெற்கு எந்தக் கை என்று அவளுக்குத் தெரியாதா? அடி வாங்கின அந்தக் கையாலேயே டம்ளரை எடுத்துக் குடித்தேன். குடித்து முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள்.