பூ பார்டர் இல்லாத மாதிரிப் பக்கம்

தொண்ணூறுகளின் நடுவில் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்த்தேன். ஒரே ஒரு கம்ப்யூட்டர். லேசர் பிரின்டர் கிடையாது. நாங்கள் அடித்ததை வாடிக்கையாளர்கள் ஃப்ளாப்பியில் வாங்கிக்கொண்டு தாம்பரத்துக்குப் போய் பிரின்ட் எடுப்பார்கள்.

எந்த வேலையானாலும் முதலாளி செய்துவைத்த மாதிரிப் பக்கத்தில்தான் தொடங்க வேண்டும். தலைப்புக்கு ஒரு ஃபான்ட், பாட்டுக்கு வேறொன்று, அடியில் இன்னொன்று, சுற்றிலும் பூ பார்டர். எல்லாம் அவர் அலைந்து சேர்த்தவை. எங்கள் திரையில் அழகாகத்தான் இருந்தது.

பக்கத்துத் தெரு ஆசிரியர் ஒருவரின் மகளுக்குச் சனிக்கிழமை சர்ச்சில் கல்யாணம். ஆராதனைத் தாள், பாட்டுகளோடு நான்கு பக்கம், நான் அடித்தது. வெள்ளிக்கிழமை காலை ஆசிரியர் தாம்பரத்திலிருந்து திரும்பி வந்து ஒரு தாளை நீட்டினார். தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் கோடும் புள்ளியும்.

"இத வச்சு யாரும்மா பாட்டு பாடுவாங்க? பாஸ்டரே மிரண்டுடுவாரு."

"அந்தக் கடையில ஃபான்ட் இல்ல சார், நாங்க இன்னா பண்றது?" என்ற முதலாளி, ஃபான்ட்களை இன்னொரு ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தார்.

மதியம் ஆசிரியர் மறுபடி வந்தார். வைரஸ் பயத்தில் அந்தக் கடைக்காரர் தன் மிஷினில் எதையும் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டாராம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஆசிரியர் பெஞ்சில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புது ஆட்களிடம் பேச எனக்கு வாய் வராது. ஆனாலும், "நானும் வரேன் சார்" என்றேன். பக்கத்துக் கடையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினோம்.

"இன்னா மேடம், உங்க ஃபான்ட்ட எங்க தலையில கட்ட வந்தீங்களா?" என்றார் லேசர் கடைக்காரர்.

"இல்லண்ணா. உங்ககிட்ட என்ன இருக்குன்னு காட்டுங்க, போதும்."

தமிழ் ஃபான்ட் இரண்டே இரண்டு. ஒன்று, எல்லாக் கடையிலும் இருக்கும் சாதாரண ஃபான்ட், எங்களிடமும் இருந்தது. அப்போது ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் கீபோர்டில் எழுத்து இருக்கும் இடம் வேறு. மாற்றினால் முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

"இங்கயே அடிங்க. கஸ்டமர் வந்தா எழுந்துக்கணும்."

இரண்டு முறை எழுந்தேன். ஆசிரியர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, எல்லாவற்றையும் அந்த ஒரே ஃபான்ட்டில் அடித்தேன். தலைப்பை மட்டும் பெரிதாக்கி, அடியில் ஒரு கோடு போட்டேன். ஐந்து மணிக்குத் தாள் சுத்தமாக வந்தது. அவர் நின்றபடியே நான்கு பக்கத்தையும் படித்தார்.

"பூ பார்டர்தான் இல்ல சார்" என்றேன்.

"கல்யாணத்துல பூவுக்கா பஞ்சம்?"

சாயங்காலம் நான் கொண்டுவந்த ஒரு பிரதியை முதலாளி புரட்டினார். "இன்னாம்மா இது, மொட்டையா கீது?"

"எந்தக் கடைக்கு எடுத்துட்டுப் போனாலும் இப்படியே வரும் சார்."

அவர் பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் கல்யாணத்துக்கு ஆசிரியர் எங்களையும் அழைத்திருந்தார். சர்ச்சில் முதலாளியும் என் வரிசையில்தான் நின்றார். பாட்டு அவருக்குத் தெரியாது. தாளில் விரலை ஓட்டிக்கொண்டே மூன்று சரணமும் முணுமுணுத்தார். உட்கார்ந்ததும் என் பக்கம் சாய்ந்து, "திங்கக்கிழமையில இருந்து இந்தப் பக்கத்துலயே ஆரம்பிம்மா. பூ கேக்குறவங்களுக்கு அப்பால போட்டுக்கலாம்" என்றார்.