பெரட்டில் எனக்குக் கிடைத்த ரஷ்ய மொழி

பனியில் நனைந்த யூகலிப்டஸ் இலையைக் காலால் நசுக்கினால் எழும் அந்தத் தைல வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம், ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் யாருக்காவது வணக்கம் சொல்லியாக வேண்டுமே என்ற பதற்றம் எனக்கு இன்றும் வந்துவிடுகிறது.

ஹப்புத்தளையில் ரயிலைவிட்டு இறங்கும் வெள்ளைக்காரர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலேயிருக்கும் பாறைக்குப் போக, நாங்கள் குடியிருந்த லயங்களைத் தாண்டி, யூகலிப்டஸ் மரங்கள் நின்ற ஒரு வளைவு வழியாகத்தான் நடக்க வேண்டும். எனக்குப் பத்து வயதான ஆண்டின் ஆகஸ்ட் விடுமுறை முழுவதும் அந்த வளைவில்தான் கழிந்தது. வழிகாட்டிக் கூட்டிப்போனால் பேனா கிடைக்கும், மிட்டாய் கிடைக்கும். எனக்கு வேண்டியிருந்ததோ அவர்கள் கழுத்தில் தொங்கிய தொலைநோக்கி. வானம் வெளுத்த நாளில் பாறைமேல் நின்று அதன் வழியாகப் பார்த்தால் தெற்கே கடல் தெரியும் என்று சரோஜாக்கா சொல்லியிருந்தாள். நான் அதுவரை கடலையே பார்த்ததில்லை.

சரோஜாக்கா கங்காணியின் மகள். பதின்மூன்று வயதிலேயே அப்பாவின் குரல். தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்தி, இன்று யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று பிரித்துவிடுவார்களே, அந்தப் 'பெரட்டை' அவள் எனக்கும் சந்திக் கடைக்காரரின் மகன் நிஸாமுக்கும் நடத்தினாள். மலைக்குப் பதில் மொழி. ஆளுக்கொரு ஐரோப்பிய மொழி. அந்த மொழிக்காரர் வந்தால் அவர் அந்த ஆளின் விருந்தாளி. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலேயே இருந்ததால் பொதுச்சொத்து.

"ஒருதடவ எடுத்தா லீவு முடியிற வரைக்கும் அதுதான். நடுவுல மாத்தக் கேட்டு வந்தீங்க, பேர வெட்டிப்புடுவேன்" என்று எச்சரித்துவிட்டு, ஜெர்மனைத் தனக்கே வைத்துக்கொண்டாள். நிஸாம் பிரெஞ்சைப் பிடித்தான். வாப்பாவின் கடையில் தேநீர் குடித்தவர்கள் கொப்பியில் எழுதிவைத்துப் போன நாலு வரி அவனிடம் இருந்தது. எனக்கு ஒருநாள் அவகாசம் கிடைத்தது. இத்தாலி என்று முடிவெடுத்தால் ஸ்பெயின் கூப்பிட்டது, ஸ்பெயின் என்றால் ஒல்லாந்து கோபித்துக்கொண்டது. ஒரு கண்டமே என் முடிவுக்காகக் காத்திருப்பதாக நினைத்து அன்று மூன்று முறை கக்கூசுக்கு ஓடினேன்.

கடைசியில் தொழிற்சாலைக்குப் போய், தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் ஐயாவின் முன்னால் நின்றேன். "எந்தப் பாஷைங்கய்யா ரொம்பப் பிரயோசனம்?"

அவர் யோசிக்கவே இல்லை. "நம்ம தேயிலைய எவன் நெறயக் குடிக்கிறானோ அவன் பாஷைதான்டா. ரஷ்யாக்காரன் மாதிரி எவன் குடிப்பான்?"

தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இதில் பிழை தெரியாது. உலகத்தில் யார் பெரியவர் என்பதை நாங்கள் கோப்பையால்தான் அளப்போம். எப்போதோ தேயிலை பார்க்க வந்த ஒரு ரஷ்யரிடம் தான் கற்ற ஒரே வரியையும் ஐயா எனக்குத் தந்தார்: "சாய் கத்தோஃப்." தேநீர் தயார் என்று பொருள்.

தேநீர் குடிப்பவர்கள் அதைத் தங்கள் வீட்டில் இருந்தபடியே குடித்துக்கொள்வார்கள் என்பது எனக்கு உறைக்க இரண்டு வாரம் ஆயிற்று. ஜெர்மானியர்கள் வந்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். சரோஜாக்கா நாலு தடவை கடலைப் பார்த்தாள். "தகரம் மாதிரி இருக்குடா" என்றாள். "எனக்குக் கப்பலே தெரிஞ்சிச்சு" என்று நிஸாம் புளுகினான். "ஒங்க ரஷ்யா ரயிலு இன்னும் பொறப்படலயாம்டா" என்று அவன் கேலிவேறு.

"அக்கா, இத்தாலி சும்மாதானே கெடக்கு..."

"கெடக்கட்டும்."

விடுமுறையின் கடைசி நாள் ஒரு கிழவர் தனியாக வந்தார், கழுத்தில் தொலைநோக்கியோடு. சரோஜாக்கா ஜெர்மனில் வணங்கினாள், இல்லையென்று தலையை ஆட்டினார். நிஸாம் கொப்பியைப் பார்த்துப் பிரெஞ்சு வாசித்தான், சிரித்தார். இங்கிலீஷுக்குக் கையை விரித்தார். எங்களுக்கு விளங்காத எதையோ சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். தொலைநோக்கியும் கூடவே நடந்தது.

"சாய் கத்தோஃப்!" என்று அலறினேன். அலறியதோடு, இல்லாத கோப்பையைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்தும் காட்டினேன்.

அவர் முகம் மலர்ந்தது. திரும்பி வந்து ஒரு கல்லில் வசதியாக உட்கார்ந்துகொண்டார். தயார் என்று நான் அறிவித்த தேநீர் எங்கேயும் தயாராக இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

லயத்துக்கு ஓடினேன். "அம்மா, ரஷ்யாக்காரரு வந்திருக்காரு, தேத்தண்ணி!"

"அவருக்குப் போயி இந்த நசுங்குன டம்ளர்லயாடா?" என்று திட்டிக்கொண்டே ஊற்றினாள் அம்மா, ஒரு துண்டு கருப்பட்டியும் தந்தாள். சட்டை நுனியால் டம்ளரைப் பிடித்து ஓடியதில் பாதிதான் அவரிடம் சேர்ந்தது. கண்ணை மூடிக் குடித்து முடித்தவர் எழுந்து, என்னைப் பார்த்து வா என்பதுபோல் கையசைத்தார்.

பாறைமேல் அந்தக் கனத்த தொலைநோக்கியை என் கழுத்தில் மாட்டினார். ஹல்துமுல்லைக்குக் கீழே சமவெளி, அதற்கப்பால் புகைபோலக் காடு, அதற்கும் அப்பால் ஒரு கோடு. சரோஜாக்கா பொய் சொல்லவில்லை. தகரமேதான், வெயில் பட்ட புதுத் தகரம். கப்பல் இல்லை. நான் அங்கேயே குதித்தேன். கிழவரும் காரணம் தெரியாமலே கூடக் குதித்தார். அவர் எந்த நாட்டுக்காரர் என்று இன்றுவரை தெரியாது. "ரஷ்யாதான்" என்று சரோஜாக்கா தீர்ப்புச் சொன்னாள். அதற்கு மேல் மேன்முறையீடு கிடையாது.

போன வாரம் பதுளையில் ஒரு மொழி வகுப்பில் சேர என் மகள் படிவம் வாங்கிவந்தாள். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலி, மூன்றில் ஒன்று. அதைக் கொடுக்க மறுநாள் கடைசி நாள். வேலை, விசா, சம்பளம், குளிர் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு அடித்து அடித்து எழுதினேன். பண்டாரவளையில் இரண்டு அறைகளை விருந்தாளிகளுக்கு விட்டிருக்கும் சரோஜாக்காவுக்கும் போன் போட்டேன்.

"நீ இன்னும் பெரட்டுக்களத்துலயே நிக்கிறியாடா? புள்ளையக் கேளு."

பிள்ளையைக் கேட்டேன். இத்தாலி என்று எப்போதோ நிரப்பிவிட்டாளாம். "காதுக்கு நல்லா இருக்குப்பா" என்றாள். அத்தனை வருஷம் சும்மா கிடந்த இத்தாலிக்கு ஒருவழியாக ஆள் கிடைத்தது.

அந்த வளைவில் இப்போது யூகலிப்டஸ் மரங்கள் இல்லை, ஆட்டோக்கள் நிற்கின்றன. வருகிறவர்கள் கைத்தொலைபேசியை நீட்டுகிறார்கள், அதுவே தமிழில் வழி கேட்கிறது. யார் கழுத்திலும் தொலைநோக்கி தொங்குவதில்லை. அன்று மாலை கட்டம் போட்ட தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுத் தண்ணீர் கொதிக்கவைத்தேன். சமையலறையிலிருந்து கத்தினேன்:

"சாய் கத்தோஃப்!"

என்ன பாஷை என்றுகூடக் கேட்காமல் மகள் டம்ளரோடு வந்து நின்றாள்.