இன்னும் அறுபது அடி

தண்ணீருக்குப் போர் போட்ட அன்று நான் இருந்தேன், அம்மா இருந்தாள், துளை போடும் ரிக் வண்டிக்காரரும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் இருந்தார்கள். அப்பா இல்லை. சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கிற இடத்தில் பதினெட்டு வருடமாகக் காண்ட்ராக்ட் வேலை அவருக்கு. எங்கள் மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று அவர் அளவுக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் அம்மா பார்த்துவந்த நல்ல நேரம் முதல் ஷிப்டில் விழுந்தது. லீவு போட்டால் கூலி போகும். அந்த இடத்துக்கு வேறு ஆளும் வந்துவிடலாம்.

விடியுமுன் கிளம்பும்போது அப்பா சொன்னார்: "தண்ணி வந்துடுச்சுன்னா பைப்ப எறக்கிடு. மணலு மாறுச்சுன்னா ஒரு அடி கூட ஓட்டாத."

"சரிப்பா" என்றேன். சட்டைப் பையில் என் திட்டத் தாள் இருந்தது. வடக்குத்து ஊர்ப் பக்கம் எங்களுக்கு இருந்த முப்பது சென்ட்டில் சாம்பல் செங்கல் போடுவது, ஒரு நாளைக்கு ஐயாயிரம் கல், மூன்றாம் வருடம் சொந்த லாரி. ஆசையை எண்ணாக எழுதினால்தான் அது இலக்கு என்று தொழில் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். தாளில் எழுதியதை அப்படியே நம்பினேன். தண்ணீரைக் காட்டினால்தான் வங்கியில் கடன். போருக்கு அப்பா தன் பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்துக் கொடுத்திருந்தார். வீட்டில் வேறு சேமிப்பு இல்லை.

பதினோரு மணி சுமாருக்கு, இருநூற்று அறுபதாவது அடியில் தண்ணீர் வந்தது. வண்டிக்காரர் மணலை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார்.

"நல்ல மணலு தம்பி. பைப் எறக்கிடலாமா?"

"எத்தினி கல்லுக்குண்ணா தாங்கும்?"

"ரெண்டாயிரம் கல்லுக்குப் பயமில்ல."

"எனக்கு அஞ்சாயிரம் போடணும்ண்ணா."

அவருடைய ஆள் ஒருவன் சிரித்தான். "கடலூருக்குப் போயி போர் போடுங்க தம்பி, கடலே வரும்."

"அப்பா வர்ற வரைக்கும் நிறுத்தி வெச்சா என்னா?" என்றாள் அம்மா.

"நிறுத்தக் கூடாதும்மா. பைப் எறக்கணும், இல்ல ஓட்டிக்கினே இருக்கணும். சும்மா உட்டா குழி சரிஞ்சிடும்."

"அப்ப எறக்கிடுங்க."

"இன்னும் அறுபது அடி ஓட்டுங்கண்ணா" என்றேன்.

அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "சரிஞ்சிதுன்னா உள்ள மாட்டுற ராடு உங்க கணக்கு. சொல்லிட்டேன்."

தலையாட்டினேன்.

அடுத்த ராடு இறங்கும்போதே குழியிலிருந்து வந்த மணல் வெளுத்து, மாவு போல ஆகியிருந்தது. பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த ராடு இறங்கி முடியும்போது சேற்றுத் தண்ணீர் மேலே வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது. குழிக்குள் விடும் தண்ணீருக்காகப் பக்கத்தில் வெட்டியிருந்த தொட்டியில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. கீழே ஏதோ குடித்துக்கொண்டிருப்பது போல. எஞ்சின் சத்தம் கனத்தது. சிரித்த ஆள் இப்போது சிரிக்கவில்லை. வண்டிக்காரர் கையைத் தூக்கி, "அம்மா, தள்ளிப் போங்க" என்றார்.

ராடு சுற்றவில்லை. மேலே இழுத்தார்கள், வரவில்லை. கம்பி வடம் விறைத்து முனகியது. வண்டியின் முன் சக்கரங்கள் தரையை விட்டுச் சற்றே எழும்பி இறங்கின. இரண்டு மணி நேரம் இதே பாடு.

மூன்று மணிக்கு அப்பா வந்தார். ஷிப்ட் சட்டையை மாற்றவில்லை. குனிந்து மணலை எடுத்து விரல்களால் தேய்த்தார்.

"எத்தினி அடி?"

"முன்னூறு."

"மணலு எங்க மாறுச்சு?"

நான் தொட்டியைப் பார்த்தேன். வண்டிக்காரர்தான் சொன்னார்: "எரநூத்தி எழுவதுல."

அப்பா திட்டவில்லை. கையிலிருந்த மணலைக் கீழே போட்டுவிட்டு, "கணக்க சொல்லுங்க" என்றார்.

புதைந்த இருபதடி ராடு பதினைந்து, அடியில் மாட்டிக்கொண்ட, மண்ணைக் குடையும் பிட்டு, ஓட்டிய அடிக்குக் கூலி, டீசல். அம்மாவின் முகத்தைப் பார்த்து வண்டிக்காரர் நாலாயிரம் தள்ளினார். மீதி ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்: அப்பாவின் பி.எஃப். பணம் அத்தனையும்.