ராமாயி பெயரில் வந்த பணம்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை காலை 11.20-க்கு ராமாயியின் வங்கிக் கணக்கில் ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய் விழுந்தது. அவள் எதிர்பார்த்தது முப்பத்திரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது. திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்தெட்டு மாதம் ஓவர்லாக் மிஷினில் துணி ஓரம் தைத்துவிட்டு மார்ச்சில் நின்றவளுக்கு, வரவேண்டிய பி.எஃப். அவ்வளவுதான்.

விண்ணப்பம் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர் குமரனிடம் ஓடினாள்.

"உங்க பேர்ல பழைய கணக்கு ஒண்ணு தூங்கிட்டு இருந்துச்சுங்க அக்கா. 2006-ல இருந்து 2012 வரைக்கும். பேரு, அப்பா பேரு, பொறந்த தேதி எல்லாம் ஒத்துப்போச்சு. சேர்த்து உட்டுட்டேன். எனக்கு ஒரு டீயாச்சும் வாங்கிக் குடுங்க."

ராமாயிக்குச் சிரிப்பு வரவில்லை. 2006-இல் அவள் திருப்பூரையே பார்த்ததில்லை. சங்கரன்கோவிலில் படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருட ஜூலையில் இங்கே வேலைக்கு வந்தது தங்கை அனுசுயா. வயது பதினைந்து. பதினெட்டு ஆகாத பிள்ளையைக் கம்பெனியில் எடுக்க மாட்டார்கள் என்பதால், ஊரில் பலர் செய்தது போல, அக்காவின் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டி ராமாயியாகவே சேர்ந்தாள். ஆறு வருடம் உழைத்தாள். கம்பெனியை மூடியபோது, பணம் கேட்கப் போனால் குட்டு வெளிப்படும் என்று பயந்து அப்படியே விட்டுவிட்டாள்.

ராமாயிக்கும் அதில் ஒரு காயம் உண்டு. 2009-இல் ஊரில் அங்கன்வாடி உதவியாளர் வேலைக்கு அசல் சான்றிதழைக் கேட்டார்கள். அது திருப்பூர்க் கம்பெனியின் கோப்பில் இருந்தது. வேலை வேறொருத்திக்குப் போயிற்று.

கணவன் சுடலை ஒரே கேள்வியில் விஷயத்தை முடித்துவிட்டான்.

"கணக்கு யாரு பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான்."

"பொறவு என்னளா? அனுசுயா கேட்டாளா? அவளுக்கு இது தெரியவே தெரியாது. சொந்த வீட்டுல இருக்கா, ஸ்கூட்டில போறா. நீ வாடகை வீட்டுல கெடந்து யோசிக்க!"

அவன் மனம் காதர்பேட்டைக்குப் பின்தெருவில் இருந்தது. அங்கே சனாவுல்லா பாயின் கடையில் பழைய ஓவர்லாக் மிஷின் நான்கு நின்றன. நான்கும் சேர்த்து ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். குண்டடத்திலிருந்து ஒருவரும் கேட்டிருந்தார். சனிக்கிழமை மாலை ஆறுக்குள் யார் முழுப் பணம் வைக்கிறார்களோ அவர்களுக்கு. நான்கு மிஷின் இருந்தால் வீட்டு முன்னறையிலேயே ஆர்டர் எடுத்துத் தைக்கலாம். இன்னொருவரிடம் கூலிக்குப் போக வேண்டாம்.

வெள்ளி இரவு அனுசுயாவே போன் செய்தாள். மகள் ஆஷாவின் பரீட்சையைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். ராமாயி உம் கொட்டினாள். பணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அருகில் சுடலை படுத்திருந்தான்.

சனிக்கிழமை பகல் 1.10-க்கு, அனுசுயாவின் சாப்பாட்டு நேரம் பார்த்து, அழைத்தாள்.

"இப்பதான் டிபனைத் தொறக்கேன். சொல்லுக்கா."

ராமாயி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். எதிர்முனையில் டிபனை மூடிவைக்கும் சத்தம் கேட்டது.

"எவ்ளோ?"

"ஒரு லட்சத்து எட்டாயிரத்து நானூத்தி நாப்பது."

பாதியை நீ வைத்துக்கொள் என்று தங்கை சொல்வாள். ராமாயி அதற்காகக் காத்திருந்தாள்.

"எப்ப வந்துச்சு?"

"நேத்து காலைல."

"நேத்து ராத்திரி எங்கூடப் பேசும்போது கையில இருந்துச்சு."

"இருந்துச்சு."

"என் அக்கவுண்டுல போட்டுரு அக்கா. முழுசையும்."

"அனு, அந்தச் சர்டிபிகேட் இங்க கெடந்ததுனாலதான் எனக்கு அங்கன்வாடி வேலை..."

"தெரியும். அத நேத்துச் சொல்லிக் கேட்டிருந்தா, எடுத்துக்கோன்னுதான் சொல்லிருப்பேன். இப்ப போட்டுரு அக்கா." போன் வைக்கப்பட்டது.

2.40-க்கு ராமாயி வங்கியில் இருந்தாள். படிவத்தில் ஒரு பூஜ்யம் கூடிவிட்டது. அடுத்த படிவம் வாங்கி எழுதினாள். தங்கை கணக்குக்கு ஒரு லட்சத்து எட்டாயிரத்து நானூற்று நாற்பது போயிற்று. மீதியிலிருந்து முப்பத்திரண்டாயிரத்தை ரொக்கமாக எடுத்துக்கொண்டாள்.

மிஷின் கடை வாசலில் சுடலை அவளுக்காக நின்றிருந்தான். தங்கைக்குப் பணம் அனுப்பியதைச் சொன்னாள். அவன் முகம் கறுத்தது.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்னுவீங்க."

"ஆமா, சொல்லத்தான் செய்வேன்!" அவன் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ராமாயி உள்ளே போனாள். "பாய், எனக்கு ஒண்ணு மட்டும் தருவீங்களா?"

"நாலும் ஒண்ணாத்தானுங்கம்மா பேசுனோம்." சனாவுல்லா தாடியைத் தடவினார். "குண்டடத்துக்காரரக் கேட்டுப் பாக்கறேன். நாலும் வேணும்னுட்டா எங்கிட்டக் கோவிச்சுக்கக் கூடாது."

போனை எடுத்துக்கொண்டு அவர் வெளியே நடந்தார். ராமாயி மிஷின்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றாள். பதினோரு நிமிடம் கழித்து வந்தார்.

"மூணு போதுமாமுங்க. உங்களுக்கு ஒண்ணு. முப்பத்தொண்ணு ஐநூறு."

பணத்தை எண்ணி வைத்தாள். ஆட்டோ வந்தது. கடைப் பையன்கள் டீக்குப் போயிருந்தார்கள். ராமாயி தானே மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள், அது அசையவில்லை. சுடலை அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே வந்தான்.

"தள்ளு. அது மோட்டார் பக்கம், கனம். நீ அந்தப் பக்கம் பிடி."