அம்மாளோடு நான் பிடித்த சண்டை

காய்ச்சல்காரரையும் என் கணவரையும் ஊர் ஒன்றாகத்தான் பார்த்தது. அடியார்களே, அந்தக் கோபத்திலிருந்துதான் நான் இதைத் தொடங்க வேண்டும்.

தொண்ணூற்றாறில் யுத்தத்தில் இடம்பெயர்ந்து, முரசுமோட்டையில் வயலையும் வீட்டையும் விட்டுவிட்டு, கனகராயன்குளத்தில் ஒரு ஓலைக் கொட்டிலில் இருந்தோம். என் கணவருக்கு அதற்கு முன்பே பார்க்கின்சன் என்ற நடுக்க வருத்தம். வவுனியா டொக்டர் தந்த குளிசையை நேரத்துக்கு விழுங்கினால் எழும்புவார், நடப்பார், தானே சாப்பிடுவார். தவறினால் மரக்கட்டை. மாரி மழை தொடங்கக் குளிசை முடிந்தது. அதே மாரியில் மலேரியாவும் வந்து வீட்டுக்கு வீடு ஆட்களைக் கிடத்தியது.

நடுங்குகிற எல்லாருக்கும் மலேரியா. அதுதான் ஊரின் தீர்ப்பு. ஊர் மருந்து நிலையத்தில் மருந்து கொடுக்கிற தம்பியிடம் எத்தனை தரம் சொன்னேன்!

"தம்பி, இது காய்ச்சல் நடுக்கம் இல்லை. தொட்டுப் பாரும், உடம்பு சுடேல்லை."

"இப்ப வன்னியில நடுங்காத ஆள் ஆர் அம்மா? இந்தக் குளிசையைக் குடுங்கோ. கைச்சாலும் விழுங்கச் சொல்லுங்கோ."

அது மலேரியாக் குளிசை. வவுனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் துண்டுக் கடிதம் கேட்டால், மலேரியாவுக்கு ஒருவரையும் அனுப்புவதில்லை என்றார். துண்டு இல்லாமல் வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் இல்லை.

என் கணவர் நாளுக்கு நாள் இறுகினார். கஞ்சி தொண்டையில் நின்றது. புரட்டிப் படுக்க வைப்பதும் நான், துடைப்பதும் நான்.

"என்னைக் காட்டுக்கரையில கொண்டுபோய் விட்டிட்டு வா," என்றார் ஒரு நாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இந்த வருத்தம் முகத்தையும் இறுக்கிவிடும். அழுகிறாரா, பகிடி விடுகிறாரா என்று எனக்கே தெரியாது.

"விடுறதெண்டா எப்பவோ விட்டிருப்பன். வாயைத் திறவுங்கோ!" என்று கத்தினேன். கத்திவிட்டு அடுப்படியில் இருந்து அழுதேன். எனக்கும் காய்ச்சல் வந்து வந்து போனது. நான் விழுந்தால் அவருக்கு ஆர்? அதை ஒருவரும் கேட்கவில்லை.

தையில் ஊர் கூடி அம்மன் கோயிலில் குளிர்த்தி வைத்தது. அம்மாளுக்கு வேப்பிலை சாத்தி, தண்ணீர் வார்த்துக் குளிரப்பண்ணி, அந்தத் தண்ணீரைத் தெளித்தால் காய்ச்சல் இறங்கும் என்பது வழக்கம். நம்பித்தான் அவரையும் மாட்டு வண்டிலில் கொண்டுபோனேன்.

தெளித்தார்கள். அவர் நடுங்கினார். "இன்னும் இறங்கேல்லை, ஊத்துங்கோ," என்றார் கோயில் தலைவர். செம்பு செம்பாய் ஊற்றினார்கள். குளிரில் அவர் இன்னும் நடுங்கினார்.

"ஐயா நல்லா ஆடுறார். ஒரு உடுக்கும் இருந்தால் வடிவாயிருக்கும்," என்றான் ஒருத்தன். சிரித்தார்கள். சிரித்தார்கள்!

செம்பைப் பறித்து எறிந்தேன். அம்மாளுக்கு நேரே போய் நின்றேன்.

"இவைக்குத்தான் விளங்கேல்லை, உனக்குமா விளங்கேல்லை? பாக்கின்சன் எண்டு டொக்டர் சொன்னது உன்ர காதில விழேல்லையோ? நீ காய்ச்சல்காரருக்கு மட்டுந்தான் அம்மாளோ? குளிசை தா! இல்லாட்டி எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்து எடு. ஓராளை எடுத்து ஓராளை விடாதை!"

"வாயைப் பொத்து பிள்ளை, அம்மாள் கோவிப்பா," என்றார் தலைவர்.

"கோவிக்கட்டும். நானும் கோவத்திலதான் நிக்கிறன்."

என் வேண்டுதல் அவ்வளவுதான். தேவாரம் இல்லை, நேர்த்தி இல்லை. தொண்டை கிழியக் கேட்டேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அதுவரை நான் அவளோடு கதைத்ததே இல்லை.

"அக்கா, என்னா பேரு சொன்னீங்க? பாக்கின்சனா? எங்கப்பாவுக்கும் அதே சீக்குதான். போன மாசம் காய்ச்சல்ல போயிட்டாரு. அவரு மாத்திரை வீட்டுல அப்படியே கெடக்குது. வீச மனசு வரல."

அவள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். நான் வைத்திருந்த வெறும் குளிசை மட்டையையும் அதையும் மருந்து கொடுக்கிற தம்பியின் முன்னால் போட்டேன். அதே மருந்து, அதே அளவு, காலமும் முடியவில்லை. "பிழைச்சுப்போச்சுது அம்மா," என்று முனகினார்.

"முனகாமல் துண்டை எழுதும்."

எழுதினார்.

கொஞ்ச நாளில் என் கணவர் கதிரையில் எழும்பி இருந்தார். கஞ்சியைத் தானே குடித்தார். பாஸ் கிடைத்து வவுனியாவுக்குப் போகும்வரை அந்தக் குளிசை போதுமாய் இருந்தது. தற்செயல் என்கிறவர்கள் சொல்லட்டும். நான் வாய்க்குள் வேண்டியிருந்தால் அந்தப் பிள்ளைக்குக் கேட்டிருக்குமா? என் தொண்டையைத் திறந்தவள் அம்மாள்.

அவருடைய கை இன்றும் நடுங்குகிறது. மாறியது நான். வருத்தக்காரர் இருக்கிற வீட்டுக்குப் போனால், அவரைப் பராமரிக்கிறவளைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டுபோய், "நீ சாப்பிட்டியோ? நித்திரை கொண்டியோ?" என்று கேட்கிறேன். அநேகம் பேர் அழுதுவிடுகிறார்கள். சிரித்தவர்கள்மேல் உள்ள கோபம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதையும் வெள்ளிக்கிழமைகளில் அம்மாளிடந்தான் சொல்கிறேன்.

அடியார்களே, நல்ல பிள்ளைபோலக் கைகூப்பி நின்றுகொண்டு உள்ளுக்குள் வேகாதீர்கள். நீங்கள் வைத்துப் பார்க்கிற உயிருக்காக அவளோடு சண்டை பிடியுங்கள். சத்தமாய்ப் பிடியுங்கள். நான் அவளைப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். அவள் என்னைத் தண்டிக்கவில்லை. ஆள் அனுப்பினாள்.