எனக்காகக் காத்து நின்ற பச்சை அரக்கன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஐப்பசி மாதம். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காலையில் பள்ளிக்கூடம் கிளம்புவதற்காகப் புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். வலது கை மடிப்பை விட்டுவிட்டது. மறுபடி எடுத்தேன், மறுபடி விட்டது. என்னங்க என்று கணவரைக் கூப்பிட வாயைத் திறந்தால், எனக்கே அடையாளம் தெரியாத ஒரு சத்தம் வந்தது. பக்கவாதம். தஞ்சாவூருக்கு உடனே கொண்டுபோனதால் உயிர் தப்பியது. கால் சீக்கிரம் தேறியது, கை பாதி தேறியது. பேச்சு மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

நான் கணக்கு டீச்சர். வாயாடி என்று பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் ஒருமனதாகப் பெயர் வாங்கியவள். ஏழாம் வகுப்பில் நான் அதட்டினால் பக்கத்துக் கட்டடத்தில் ஐந்தாம் வகுப்பு அடங்கும். அப்படிப்பட்டவளுக்கு 'காபி' என்ற வார்த்தை மனதில் பளிச்சென்று நிற்கும், வாய்க்கு வராது. நான் திணறுவதற்குள் ஒருவர் ஃபேனைப் போடுவார், இன்னொருவர் மாத்திரையை நீட்டுவார், மூன்றாமவர் தலையணையைச் சரிசெய்வார். எல்லாம் பிரியத்தில் செய்ததுதான். ஆனால் பாதி வாக்கியத்தில் ஒவ்வொரு முறையும் யாராவது புகுந்து முடித்துவைத்தால் மனுஷிக்கு வெறுத்துப் போகாதா? கொஞ்ச நாளில் பேச முயல்வதையே விட்டுவிட்டேன். தலையாட்டினால் போதும், வீடு நடந்தது.

என் கொழுந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, டிராக்டர் வாங்கி உழவு ஓட்டிக்கொண்டிருக்கிறான். முப்பது வயது தாண்டியும் கையடக்கமான ஒரு கேம் பெட்டியைக் கீழே வைக்க மாட்டான். அதுவும் புதிய விளையாட்டு எதுவும் கிடையாது. அவன் பிறப்பதற்கு முன்னால் ஜப்பான்காரர்கள் செய்த பழைய விளையாட்டுகள். கட்டம் கட்டமாக உருவங்கள், நாலு பேர் வரிசையாக நடந்து ஊர் ஊராகப் போவார்கள், அரக்கர்களோடு சண்டை போடுவார்கள், உலகத்தைக் காப்பாற்றுவார்கள். "பொண்ணு பார்க்கப் போன இடத்துலயும் இதைத்தான் நோண்டுவியாடா?" என்று நானே அவனை எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன்.

ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் தன் போனில் கார் பந்தயம் ஒன்றைப் போட்டு என் இடது கையில் கொடுத்தான். விரலுக்குப் பயிற்சியாக இருக்கும் என்று நினைத்தான் போலிருக்கிறது. கார் கிளம்பியதும் சுவரில் மோதியது. திரும்பக் கிளம்பியது, திரும்ப மோதியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் போனை வாங்கிக்கொண்டு போய், அந்தப் பழைய பெட்டியை எடுத்து வந்தான்.

அதில் நாலு பேருக்கு எதிரே பச்சை நிறத்தில் ஒரு அரக்கன் நின்றான். எனக்குப் படபடப்பாக இருந்தது, அடித்துவிடப் போகிறானே என்று.

"அவசரமில்ல அண்ணி. இது நம்ம முறை. நீங்க சொல்ற வரைக்கும் அவன் கையத் தூக்க மாட்டான். பெட்டிய நான் புடிச்சுக்கறேன், என்ன செய்யணும்னு நீங்க வாயால சொல்லுங்க" என்றான்.

உண்மையிலேயே அரக்கன் நின்றான். சும்மா ஆடிக்கொண்டு நின்றான். நான் வார்த்தையைத் தேடினேன். அது தொண்டைக்கு வந்து திரும்பிப் போனது. வெளியே கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு என் கணவர் உள்ளே வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அரக்கன் இன்னும் நின்றான். கொழுந்தனும் என் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் "அடி" என்றேன். அவன் பொத்தானை அழுத்தினான், அடி விழுந்தது. பல நாள் கழித்து நான் சொன்ன வார்த்தை ஒன்று நான் நினைத்தபடியே ஒரு காரியத்தைச் செய்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே, நல்லாசிரியர் விருது கொடுத்திருந்தால்கூட அப்படி இருந்திருக்காது.

அதன்பிறகு தினமும் மத்தியானம் அதுதான் வேலை. அடி, தடு, மருந்து, ஓடு. அந்த விளையாட்டில் எழுத்துகூட நமக்காகக் காத்திருக்கும். ஒரு வரி வரும், நாம் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த வரி. ஊர்க்காரர் ஒருவரிடம் போய் எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் அதே பதிலைச் சொல்வார். கதாநாயகன் கதை முழுக்க ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. ஆமாம், இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் அவன்தான் தலைவன், மற்ற மூன்று பேரும் அவன் பின்னால்தான் நடக்கிறார்கள். அவனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

என் குணமும் அதில் வெளியே வந்தது. மருந்தைச் செலவழிக்க எனக்கு மனசே வராது. விதைநெல்லில் கைவைக்காத குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் அல்லவா! "மருந்து குடுக்கவா அண்ணி?" என்று அவன் கேட்பான். "வேணாம்... பின்னால... வேணும்" என்பேன். கடைசியில் பை நிறைய மருந்தை வைத்துக்கொண்டே நாலு பேரும் செத்து விழுந்தார்கள். அவன் சிரித்த சிரிப்பில் என் மாமியார் பயந்துபோய் ஓடி வந்தார். இன்னொரு நாள், சாகக் கிடக்கிறவனை விட்டுவிட்டு நன்றாக இருப்பவனுக்கு மருந்து கொடுத்துத் தொலைத்தான். "அறிவு... இருக்காடா... உனக்கு?" என்று கத்தினேன். நோய் வந்தபிறகு நான் பேசிய முதல் முழு வாக்கியம் அது. அவன் வேண்டுமென்றே அப்படிச் செய்தானா என்று இன்றுவரை கேட்டுப் பார்க்கிறேன், பதில் சொல்வதில்லை.

தை மாதம் அறுப்பு முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கும்பகோணத்திலிருந்து என் அண்ணன் வந்திருந்தார். என் வேலையைப் பற்றிப் பேசத்தான் கணவர் அவரை வரச்சொல்லியிருந்தார்.

"டாக்டர் டென்ஷன் கூடாதுங்கறாரு மச்சான். கிளாஸ்ல நிக்கிறப்ப பேச்சு வராம, பசங்க சிரிச்சுட்டா இவ தாங்க மாட்டா. விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துடலாம்னு பார்க்கிறேன்" என்றார் கணவர்.

"நீங்க சொல்றது சரிதான் மாப்ள. உடம்புதான் முக்கியம்" என்றார் அண்ணன்.

கரும்பலகை, சாக்பீஸ், பின்வரிசைப் பிள்ளைகள் எல்லாம் என்னை விட்டுப் போகப்போகிறது. என் எதிரிலேயே முடிவாகிக்கொண்டிருக்கிறது. "நா..." என்று ஆரம்பித்தேன்.

"பாருங்க, நானும் அதைத்தான் நினைக்கிறேங்கறா" என்று கணவர் முடித்துவைத்தார்.

வாசலில் டிராக்டர் சக்கரத்தில் சேறு கழுவிக்கொண்டிருந்த கொழுந்தன் ஈரக் கையோடு உள்ளே வந்தான். தன் அண்ணனை, அதாவது என் கணவரை, எதிர்த்து ஒரு சொல் பேசாதவன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். நம்ம வாய்க்கால்ல முறை வச்சு தண்ணி வுடுறாங்க. நம்ம முறையில வேற ஒருத்தன் மடையைத் தொறந்தா சும்மா இருப்பீங்களா? இப்ப அண்ணி முறை. அவங்க முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்க வராதீங்க."

என் கணவருக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் முறை விஷயத்தில் சொந்த சித்தப்பாவையே வரப்பில் நிறுத்திக் கேள்வி கேட்டவர் அவர். வாயை மூடிக்கொண்டார். என் அண்ணன் ஏதோ சொல்ல வந்தவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிறுத்திவிட்டார். கொழுந்தன் சுவரோடு சாய்ந்து நின்றான்.

மூன்று பேரும் காத்திருந்தார்கள். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது, யாரும் அசையவில்லை. தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. ஆனால் யாரையும் முந்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை என்று தெரிந்ததும், நெஞ்சு மெதுவாக அடங்கியது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

"நான்... வேலையை... விட மாட்டேன். பசங்க... சிரிச்சா... சிரிக்கட்டும். நான்... பாத்துக்கறேன்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குப் பயமா இருக்குடி. மறுபடி விழுந்துட்டா என்ன பண்ணுவேன்? அதுக்குத்தான்..." என்றார். அத்தனை மாதமாக அவர் பயத்தை நானும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இடது கையால் அவர் தோளைத் தொட்டேன். விருப்ப ஓய்வுப் பேச்சு அதோடு நின்றது.

ஜூனில் பள்ளிக்கூடம் போனேன். முதல் நாள் இரண்டு பேர் சிரித்தார்கள், மற்றவர்கள் அவர்களை அடக்கினார்கள். இப்போது நான் பாதி பேசுகிறேன், மீதியைக் கரும்பலகை பேசுகிறது. எனக்கு வார்த்தை சிக்கிக்கொண்டால் முப்பது பிள்ளைகளும் பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். கணக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

டாக்டர்கள் என் உயிரைக் காப்பாற்றினார்கள், பயிற்சி என் கையைத் திருப்பிக் கொடுத்தது. ஆனாலும் எப்போது குணமானீர்கள் என்று யாராவது கேட்டால், என் வீட்டு ஆண்கள் மூன்று பேர் வாயை மூடிக்கொண்டு என் ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு ஞாபகம் வருகிறது.