கோழிக்கூட்டுக்கு வாங்காத கம்பி

பின்னேரம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு அந்தச் சிப்பாய் ராத்தாவின் பையிலிருந்து கம்பிச் சுருளை வெளியே எடுத்தான். நேரம் நன்றாக நினைவிருக்கிறது. மகள் ரியூசன் முடிந்து வீட்டுக்கு வந்திருப்பாளா என்று அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். சுருளுக்குப் பின்னால் சைக்கிள் சில்லின் ஸ்போக் கம்பிகள் சில வந்தன. அதற்குப் பின்னால் ஒரு குறடு. எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு அவன் எங்களை நிமிர்ந்து பார்த்தான். கல்முனையிலிருந்து எங்களுடன் பஸ்ஸில் வந்தவர்கள் சோதனைச் சாவடியை நடந்து கடந்து, மறுபக்கம் நின்ற அதே பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். எங்களை விட்டுவிட்டு பஸ் போய்விட்டது.

யுத்தம் முடிந்துவிட்டதென்று தெருவில் வெடி கொளுத்திச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. சாவடிகள் முடிந்திருக்கவில்லை. பையில் கம்பி வைத்திருப்பவர் அந்த நாட்களில் யோசிக்காமல் ஒரு பதில் சொல்ல வேண்டும்.

"இது என்னத்துக்கு?" என்று உடைந்த தமிழில் கேட்டான்.

"கோழிக்கூட்டுக்கு" என்றேன்.

"பொய் சொல்லாத புள்ள" என்று ராத்தா என் பக்கம் திரும்பிச் சொன்னார். பிறகு அவனைப் பார்த்து, "ப்ளேனுக்கு. நான் ஒரு ப்ளேன் செய்றன்" என்றார்.

ராத்தா என்றால் என் கூடப்பிறந்த மூத்தவர். கணித ஆசிரியை. போன நோன்புக்கு முன்னர் மௌத்தாகி எங்களை விட்டுப் போனார். மையித்து வீட்டுக்கு வந்த பெண்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: "என்ன சபூரான மனுசி! புள்ளையக் கடல் கொண்டு போயும் வாய் துறக்கல்ல." நான் தேநீர்த் தட்டுடன் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மறுத்துப் பேச அது இடமில்லை. இது இடம். சபூர் என்றால் பொறுமை. என் ராத்தா பொறுத்துக்கொண்டு இருந்தவர் அல்ல. வாய் திறக்காதவரும் அல்ல. கேட்க விரும்பாதவர்கள் தங்கள் காதுகளை மூடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அவர் ஒரு சுருள் கம்பிக்காகத் துப்பாக்கிக்கு முன்னால் உட்கார்ந்து எழும்ப மறுத்ததை நான் பார்த்தேன்.

அவருக்கு ஒரே மகன். கடல் வந்தபோது பன்னிரண்டு வயது. மச்சான், அதாவது ராத்தாவின் கணவர், கத்தாரில் வேலை செய்துவிட்டுத் திரும்பியபோது மகனுக்கென்று கோழிமுட்டை அளவில், விளையாட்டு விமானத்துக்குப் போடும் ஒரு எஞ்சின் கொண்டுவந்திருந்தார். மீன் பெட்டியின் வெள்ளை நுரைப்பலகையான ரெஜிபோமிலே சிறகு வெட்டி, மெல்லிய பலகையில் உடம்பு செய்து, பிள்ளை தானே விமானம் கட்டத் தொடங்கினான். அதற்கு வானொலிக் கருவி எதுவும் கிடையாது. இரண்டு நீண்ட இழைகளின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றால், விமானம் நம்மைச் சுற்றி வட்டமாகப் பறக்கும். இழையை இழுத்தால் உள்ளே ஒரு கம்பி வால் செட்டையைத் தள்ளும், விமானம் ஏறும் அல்லது இறங்கும்.

அதற்குக் கால்கள் சரியாக வரவில்லை. கொங்கிறீட் வேலைக்குப் போடும் கட்டுக்கம்பியில் கால் செய்திருந்தான். ஒருமுறை நிலத்தில் தட்டியதும் இரண்டு காலும் தவளை மாதிரி விரிந்து அப்படியே நின்றுவிட்டன. வயல் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்து, அலுமாரிக்கு மேல் வைத்தான். "சாச்சி, தொடாதீங்க. நல்ல கம்பி பாத்துக்கிட்டு வாறன்" என்றான். மறுநாள் காலை கடல் வந்தது. கடற்கரைப் பக்கம் இருந்த ராத்தாவின் வீட்டில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. விமானம் என் அலுமாரிக்கு மேல் தூசி படாமல் இருந்தது.

வீட்டுத் திட்டத்தில் புது வீடு கிடைத்ததும் ராத்தா வந்து அதை எடுத்துப்போனார். தையல் மெசின் இருந்த அறையில் வைத்தார். மச்சான் அன்றிலிருந்து அந்த அறைக்குள் போகவில்லை. மகனின் பேரையும் அவர் வாயால் யாரும் கேட்கவில்லை. "அத எறிஞ்சிரு" என்று ஒருமுறை சொன்னார். ராத்தா எறியவில்லை. விரிந்த கால்களைக் கழற்றிப் போட்டார். நிவாரணத்தில் வந்த குடையின் கம்பிகளை எடுத்துக் கால் செய்து பார்த்தார், முறிந்தது. எங்கேயோ கிடைத்த நல்ல உருக்குக் கம்பியை வளையவில்லையென்று அடுப்பில் சூடாக்கி வளைத்தார். வளைந்தது, ஆனால் அதன் உரமும் நெருப்போடு போய்விட்டது. அதற்கிடையில் இரவில் ஆயுத இயக்கத்தின் சின்ன விமானங்கள் வந்து குண்டு போடுகின்றன என்ற செய்தி வந்தது. விமானம் என்ற சொல்லையே வீட்டுக்குள் மெதுவாகச் சொன்ன காலம். இப்போது வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். யுத்தம் முடியட்டும் என்றார். முடிந்ததும் கல்முனைக்கு வா என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

இரும்புச் சாமான் கடையில் ராத்தா ஒவ்வொரு கம்பியாகக் கேட்டு வாங்கி, பெருவிரலைச் சுற்றி வளைத்து விட்டுவிட்டுப் பார்த்தார். உடுப்புக் காயப்போடும் கம்பி வளைந்தபடியே நின்றது. வேலிக் கம்பியும் நின்றது. கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டீச்சர், கம்பி வாங்க வந்தீங்களா, காப்புச் செஞ்சு போட்டுப் பாக்க வந்தீங்களா?" என்றார்.

"நீங்க விக்கிற கம்பியில காப்புத்தான் செய்யலாம்" என்று ராத்தா திருப்பிக் கொடுத்தார்.

கடைசியில் மீன்பிடிச் சாமான் கடையில் கிடைத்தது. சுறாத் தூண்டிலின் முள்ளுக்கு மேலே, பல்லால் அறுக்காதிருக்கக் கட்டும் உருக்குக் கம்பி. வளைத்து விட்டதும் அது துள்ளி, வாய்க்குக் கீழே ராத்தாவின் நாடியில் அடித்தது. நாடியைத் தடவிக்கொண்டே சிரித்தார். கடல் வந்த பிறகு, நாலரை வருடத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. காலுக்கு இதுதான் என்றார், விழும்போது விரிந்து, உடனே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். செட்டையைத் தள்ளும் கம்பிக்கு அந்தத் துள்ளல் கூடாது. தள்ளும்போது நடுவில் வில்லாக வளைந்தால் கை சொன்னது வாலுக்குப் போய்ச் சேராது. அதற்குச் சைக்கிள் கடையில் ஸ்போக் கம்பி வாங்கினோம். கண்ணாடி மேசையில் ஒவ்வொன்றாக உருட்டி, தள்ளாடாமல் ஓடியதை மட்டும் எடுத்தார். கடல் மேல் இருந்த கோபத்தோடு, கடலுக்குப் போகிறவர்களின் கம்பியையே அவர் தெரிந்தெடுத்தது எனக்கு இன்றும் வியப்பு. அன்று நான் வியக்கவில்லை. பஸ் பிந்துகிறது என்று பயந்துகொண்டிருந்தேன்.

"யாருக்கு ப்ளேன்?" என்று சிப்பாய் கேட்டான்.

"மகனுக்கு."

"மகன் எங்க? கூட்டிட்டு வா."

ராத்தா நாடியால் கடல் பக்கம் காட்டினார். அவன் முகம் மாறிவிட்டது. "கடலா? போட்டுல போனதா?" என்றான். அந்த நாட்களில் கடலால் போன பையன் என்றால் அதற்கு ஒரு பொருள்தான், இயக்கத்துக்குப் போனவன். நான் "சுனாமி, சுனாமி" என்று கத்தினேன். அவன் கையிலிருந்த ஸ்போக்கை மெதுவாக மேசையில் வைத்தான். அவனும் யாரோ பெற்ற பிள்ளை, இருபது வயதுகூட இராது. சுருளைக் காட்டி, "செத்த ஆளுக்கு ப்ளேன் என்னத்துக்கு?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. நானும், மச்சானும், ஊரும் கேட்ட கேள்விதான்.

"தொடங்கின வேல. முடிக்கணும்" என்றார் ராத்தா.

மேலதிகாரியான பெரியவர் வந்தால் பிரச்சினை என்று அவன் சொன்னான். கம்பியை விட்டுவிட்டுப் போங்கள், நான் ஒன்றும் எழுதவில்லை என்று கையால் வழி காட்டினான். அவனால் செய்யக்கூடிய நல்ல காரியம் அதுதான். நான் ராத்தாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் சாவடியில் கிடந்த நீண்ட மர வாங்கில் போய் உட்கார்ந்தார்.

"நீ போ. உண்ட புள்ள பாத்துக்கிட்டு இரிக்கும். கம்பி இல்லாம நான் எழும்பமாட்டன்."

போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் தூரத்து மாமா ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தவர், எங்களைக் கண்டு நிறுத்தினார். விசயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார்.

"பொம்புளையளுக்குக் கம்பியும் குறடும் என்னத்துக்கு? அந்தப் பொடியனுக்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க புள்ள."

"என்னத்துக்கு மாமா மன்னிப்பு? கம்பி வாங்கினதுக்கா, புள்ள பெத்ததுக்கா?"

மாமா மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். "மச்சானுக்கிட்டச் சொல்லுங்க மாமா" என்று நான் பின்னால் கத்தினேன். "சொல்லாதீங்க, அவர் வரமாட்டார்" என்றார் ராத்தா.

இப்போது எங்கள் கடற்கரையில் கலியாணப் படம் எடுக்க ட்ரோன் பறக்கிறது. மாப்பிள்ளையும் பொண்ணும் மேலே பார்த்துச் சிரிக்கிறார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. அந்தச் சத்தம் கேட்டால் நான் இன்னும் கொழும்பில் படிக்கும் மகளுக்குத் தொலைபேசி எடுக்கிறேன். "என்னும்மா திரும்பவும்?" என்று அலுத்துக்கொள்கிறாள். பயம் என்னை விட்டுப் போகவில்லை, போகும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனால் ராத்தா அந்த வாங்கில் உட்கார்ந்திருந்த விதத்தைச் சபூர் என்று யாராவது சொன்னால், இனி நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

வெயில் சரிந்து சாவடித் தகரத்துக்குக் கீழே வந்துவிட்டது. சிப்பாய் தெருவைப் பார்த்தான். பெரியவரின் ஜீப் வருகிறதென்று நினைத்து எழுந்தேன். ஜீப் இல்லை. மச்சான் நடந்து வந்துகொண்டிருந்தார். வீட்டில் உடுத்த சாரமும் பெனியனும். இரண்டு கைகளிலும் விமானத்தை ஏந்தியிருந்தார். சிறகைக் காற்று பிடிக்கப் பிடிக்க, அவர் உடம்பைத் திருப்பித் திருப்பி அதைக் காத்துக்கொண்டு வந்தார். ராத்தா வாங்கில் இருந்தபடியே பார்த்தார். மச்சான் எங்களைப் பார்க்கவில்லை. நேரே மேசைக்குப் போய், கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் விமானத்தை வைத்தார். அது வயிற்றில் சரிந்து ஒரு சிறகை ஊன்றிக்கொண்டு கிடந்தது. முதலில் மகனின் பேரைச் சொன்னார். வாப்பாவான தன் பேரோடு சேர்த்து, பள்ளிக்கூடத்தில் வரவு பார்க்க டாப்புக் கூப்பிடுவது மாதிரி முழுதாகச் சொன்னார். பிறகு சிப்பாயைப் பார்த்து, "அவன்ட ப்ளேன் இது. இதுக்குக் கால் இல்ல. அந்தக் கம்பியத் தாங்க தம்பி" என்றார்.